படையை விட்டு வெளியேறும் லாரிகள்: இரும்புக்கு முன்னே காகிதம்

நாகாலாந்து, மேகாலயா போன்ற வடகிழக்கு மலை மாநிலங்களில், மழைக்காலத்தில் உழுத வயலைப்போலக் கிடக்கும் மண்பாதைகளில் மரமும் கல்லும் மணலும் ஏற்றிக்கொண்டு ஏறி இறங்கும் பழைய லாரிகளை அங்குள்ளவர்கள் ‘சக்திமான்’ என்று அழைக்கிறார்கள். ஜெர்மனியின் எம்.ஏ.என். நிறுவனத்திடம் உரிமம் பெற்று, 1959ஆம் ஆண்டு ஜபல்பூரில் இருந்த இராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் கட்டத் தொடங்கப்பட்ட லாரியின் பெயர் அது. 1969இல் அதே நகரில் தனி வாகனத் தொழிற்சாலை அமைந்தபின் வேலை அங்கே மாறியது. 1996இல் உற்பத்தி நின்றது. சிப்பாய்கள் ‘த்ரீ டன்’ என்று சுருக்கிச் சொன்ன அந்த வண்டி, ஆளும் அரிசியும் வெடிமருந்தும் சுமந்து தன் காலத்தை முடித்தபின், ஏலத்தில் விலைபோய் மரம் வெட்டுபவர்களின் கைக்கும் சுரங்கக்காரர்களின் கைக்கும் வந்து சேர்ந்தது. சாலை இல்லாத இடத்துக்குப் போகக்கூடிய வேறு லாரி, அந்த விலைக்கு அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

படைக்குத் தேவைப்படாத வண்டிகளைக் குடிமக்கள் வாங்கி ஓட்டுவது புதிய வழக்கம் அன்று. இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது பிலிப்பைன்ஸில் அமெரிக்கப் படை விட்டுச்சென்ற ஜீப்புகளை நீட்டி, இருக்கை வைத்து, கூரை போட்டு ஓட்டியதுதான் இன்றுவரை மணிலாவின் அடையாளமாக இருக்கும் ஜீப்னி. பர்மாவில், கனடாவில் கட்டப்பட்ட செவர்லே இராணுவ லாரிகளின் சேஸின் மேல் மரப்பாடி கட்டி, நகரப் பேருந்துகளாகப் பல பத்தாண்டுகள் ஓட்டினார்கள். போருக்காக இலட்சக்கணக்கில் கட்டப்பட்ட வண்டிகள் ஒரே நாளில் வேலையற்றுப்போன காலம் அது. பொருள் மிகுதியாகவும் சட்டம் எளிமையாகவும் இருந்ததால், வாங்கியவர் ஓட்ட முடிந்தது.

இன்று அப்படி இல்லை. முன்னாள் இராணுவ லாரி ஒன்றை வாங்க நினைப்பவர் பெரும்பாலும் எஞ்சினைப் பார்க்கிறார், டயரைப் பார்க்கிறார், விலையைப் பார்க்கிறார். அந்த லாரி சாலையில் ஓடுமா, காயலான் கடைக்குப் போகுமா என்பதைத் தீர்மானிப்பது இவை எதுவும் இல்லை. அது எந்த வகையாக விற்கப்பட்டது என்று விற்பனைத் தாளில் எழுதியிருக்கும் ஒரு வரிதான் அதைத் தீர்மானிக்கிறது. நல்ல நிலையில் உள்ள லாரியை வாங்கிக்கொண்டு வந்து, பதிவு செய்ய வழியின்றி, தோட்டத்து மூலையில் துருப்பிடிக்க விடும் நிலை பலருக்கும் இந்த ஒரு வரியைப் படிக்காததால்தான் நேர்கிறது.

அந்த வரி எங்கிருந்து வருகிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். இராணுவ வாகனங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவு செய்யப்படுவதில்லை. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 60ஆம் பிரிவில், நாட்டின் பாதுகாப்புப் பணிக்கென மத்திய அரசின் உடைமையாக உள்ள வண்டிகளைப் பதிவு செய்யும் அதிகாரத்தைத் தனி அமைப்புக்கு அளிக்கிறது. மேல்நோக்கிய அம்புக்குறியுடன் தொடங்கும் இராணுவ எண் அவ்வாறு வழங்கப்படுவதே. அம்புக்குறியை அடுத்து வரும் இரண்டு இலக்கங்கள் வண்டி படைக்கு வந்த ஆண்டையும், அதன்பின் வரும் எழுத்துகளும் எண்களும் வண்டியின் வகையையும் வரிசையையும் குறிக்கும். படையில் இருப்பவர்கள் இதை ‘பி.ஏ. நம்பர்’ (‘பிராட் ஏரோ’ என்பதன் சுருக்கம்) என்பார்கள். வண்டி அரசின் கையைவிட்டுப் போனவுடன் இந்த எண்ணுக்கு உயிர் இல்லை. அதே 60ஆம் பிரிவு, அந்த நொடியிலிருந்து மற்ற வண்டிகளுக்கான பதிவு விதிகளே இதற்கும் பொருந்தும் என்று சொல்கிறது. ஆக, 15 ஆண்டு ஓடிய லாரியாக இருந்தாலும், குடிமக்களின் சட்டத்தின் பார்வையில் அது இன்னும் பதிவே ஆகாத வண்டி.

அதைப் பதிவு செய்வதற்கென மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 ஒரு வழியை வைத்திருக்கின்றன. புதிய வண்டிக்கு விற்பனையாளர் கொடுக்கும் 21ஆம் எண் படிவ விற்பனைச் சான்றை, முன்னாள் இராணுவ வண்டிக்கு உரிய இராணுவ அதிகாரி கொடுக்க வேண்டும். அதன் மூலப்படி 20ஆம் எண் படிவ விண்ணப்பத்தோடு சேர வேண்டும். இந்தச் சான்று கிடைக்கும் வகையில் விற்கப்பட்ட லாரிதான் வண்டியாக விற்கப்பட்ட லாரி. கழிவு இரும்பாக விற்கப்பட்ட லாரிக்கு இந்தச் சான்று கிடைக்காது. இரண்டும் ஒரே கிடங்கில், ஒரே வரிசையில், ஒரே பச்சை நிறத்தில் நிற்கலாம். சாவி போட்டால் இரண்டும் கிளம்பவும் கூடும்.

ஏலம் பெரும்பாலும் எம்.எஸ்.டி.சி. என்ற பொதுத்துறை நிறுவனத்தின் வழியே இணையத்தில் நடக்கிறது. 1964இல் தொடங்கப்பட்டு, கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்டு, எஃகு அமைச்சகத்தின் கீழ் இயங்கும் நிறுவனம் அது. கழிவு இரும்பு வாணிகத்துக்கென்று தொடங்கப்பட்டது என்பதை மறக்க வேண்டாம். ஏலப்பட்டியலில் பொருள்கள் ‘லாட்’ எண்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு லாட்டில் ஒரு லாரி இருக்கலாம், ஏழெட்டும் இருக்கலாம். முன்வைப்புத் தொகை கட்டியவர்கள், குறித்த நாள்களில் கிடங்குக்குச் சென்று பார்வையிடலாம். விற்பனை ‘உள்ளது உள்ளபடி, இருக்கும் இடத்தில்’ என்ற நிபந்தனையில் நடக்கிறது. அதாவது, எடுத்தபின் எஞ்சினுக்குள் என்ன இருந்தாலும் கேள்வி கேட்க முடியாது. ஏலத்தில் முதலில் நின்றாலும், விற்கும் அலுவலகம் அந்த விலையை ஏற்கும்வரை லாரி நம்முடையது ஆகாத நிபந்தனையும் உண்டு. பணம் கட்டியபின் குறித்த நாளுக்குள் எடுக்காவிட்டால் நாள்வாடகை ஏறும். ஓடாத லாரியைக் கிரேனில் தூக்கி டிரெய்லரில் ஏற்றி நானூறு ஐந்நூறு கிலோமீட்டர் கொண்டுவரும் செலவைக் கணக்கிடாமல் விலை கேட்பவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

2023ஆம் ஆண்டு இந்தக் கதவு மேலும் குறுகியது. அந்த ஆண்டு ஜனவரியில் அறிவிக்கப்பட்டு ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த 52ஏ விதி, மத்திய, மாநில அரசுகளின் வண்டிகளும் பொதுத்துறை வண்டிகளும் 15 ஆண்டு கடந்தால் அவற்றின் பதிவு தானாகக் காலாவதியாகும் என்றும், அவை பதிவு பெற்ற வாகனச் சிதைப்பு நிலையங்களின் வழியே ஒழிக்கப்பட வேண்டும் என்றும் சொல்கிறது. நாட்டின் பாதுகாப்புக்காகக் களப்பணியில் இருக்கும் கவச வண்டிகளுக்கும் பிற சிறப்பு வண்டிகளுக்கும் விலக்கு உண்டு. ஆனால் விலக்கு, அவை படையில் தொடர்ந்து ஓடுவதற்குத்தான் உதவும். பழைய லாரி தனியார் கைக்கு வண்டியாகவே வரும் என்பதற்கு உறுதி தராது. இப்போதைய பட்டியல்களில், சிதைப்பு நிலையங்கள் மட்டுமே விலை கேட்கலாம் என்று வரம்பிட்ட லாட்களைக் காணும்போது இந்தக் கொள்கையின் திசை தெளிவாகவே தெரிகிறது. காற்றின் தூய்மைக்காக எடுக்கப்பட்ட இந்த முடிவை நான் குறைசொல்ல மாட்டேன். அதே நேரம், ஆண்டுக்குச் சில ஆயிரம் கிலோமீட்டர் மட்டுமே ஓடிய, நான்கு சக்கர இழுவை உள்ள லாரி, மலைத்தோட்டத்துக்கோ தீயணைப்புக்கோ இன்னும் பத்து ஆண்டு பயன்பட்டிருக்கும் என்ற எண்ணம் மனத்தை உறுத்தாமல் இல்லை.

அமெரிக்காவில் இதே சிக்கல் வேறு வடிவில் இருக்கிறது. அங்கே படை விற்கும் வண்டிக்கு எஸ்.எஃப். 97 என்ற படிவம் கிடைத்தால்தான் மாநில அரசிடம் உரிமைச் சான்று வாங்க முடியும். 2014 டிசம்பரில் அமெரிக்க இராணுவம் ஹம்வி என்ற தன் களவண்டிகளை முதன்முறையாகப் பொது ஏலத்துக்குக் கொண்டுவந்தபோது, சாலைக்கு வெளியே ஓட்டுவதற்கு மட்டும் என்ற நிபந்தனையுடன்தான் விற்றது. சாலையில் ஓட்டலாமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட, வாங்கியவர்கள் அலுவலகம் அலுவலகமாக அலைய நேர்ந்தது. ஆனால் அங்கே பாராட்டத்தக்க ஏற்பாடு ஒன்று உண்டு: வனத்துறையின் வழியே, உபரி இராணுவ லாரிகள் ஊர்ப்புறத் தீயணைப்பு நிலையங்களுக்கு வழங்கப்படுகின்றன. அவர்கள் அதன்மேல் தண்ணீர்த் தொட்டியும் பம்பும் ஏற்றி, காட்டுத்தீயை அணைக்கப் பயன்படுத்துகிறார்கள். 2017இல் ஹார்வி புயலில் ஹூஸ்டன் மூழ்கியபோது, சாதாரண வண்டி நுழைய முடியாத தெருக்களில் ஆள்களை ஏற்றிவந்தவற்றில் இத்தகைய ஓய்வுபெற்ற லாரிகளும் இருந்தன.

இனி இரும்புக்கு வருவோம். இராணுவ லாரி, பார்வைக்கு ஒத்த சந்தை லாரியைவிட வலுவானது என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. அது வேறு வேலைக்காகக் கட்டப்பட்டது என்று சொல்வதே சரி. இன்று இந்திய இராணுவத்தின் சுமையில் பெரும்பங்கைத் தாங்கும் அசோக் லேலண்டின் ஸ்டாலியனை எடுத்துக்கொள்வோம். முன் அச்சுக்கும் விசை செல்லும் நான்கு சக்கர இழுவை, கியர்பெட்டிக்குப் பின்னே இன்னொரு பரிமாற்றப் பெட்டி, உயர்ந்து நிற்கும் சேஸ், பின்பக்கத்தில் இரட்டை டயருக்குப் பதில் ஒற்றை டயர். மணலிலும் சேற்றிலும் முன்சக்கரம் போன தடத்திலேயே பின்சக்கரமும் போனால்தான் தரையின் தடை குறைவாக இருக்கும் என்பதற்காக அந்த ஒற்றை டயர். அதற்கான விலை, ஏற்றும் எடையில் கொடுக்கப்படுகிறது: கரடுமுரடான தரையில் 5 டன், சாலையில் 7.5 டன் என்ற அளவில் கணக்கிடப்பட்ட லாரியில், நெடுஞ்சாலை லாரிபோல் அள்ளிப்போட்டு ஓட்டினால் அச்சும் பேரிங்கும் தாங்கா. இழுவைக்கு அமைந்த கியர் விகிதத்தால் டீசலும் அதிகம் குடிக்கும். மாதம் முழுக்க நெடுஞ்சாலையில் சரக்கு ஏற்றிப் பிழைக்க நினைப்பவருக்கு இது உகந்த வண்டி இல்லை என்பதை வாங்கும் முன்பே ஏற்றுக்கொள்வது நல்லது. தேயிலை, காப்பித் தோட்டங்கள், கல்குவாரியின் உட்பாதைகள், வெள்ளத்தில் ஆள் மீட்பது போன்ற இடங்களில்தான் அதன் குணம் வெளிப்படும்.

படை வண்டிகள் குறைவாக ஓடி, அதிகமாக நிற்பவை. மீட்டரில் குறைந்த கிலோமீட்டரைக் கண்டு மகிழ்பவர்கள், ரப்பருக்கு ஓட்டத்தால் மட்டும் அல்லாமல் ஆண்டுகளாலும் வயதாகிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும். கிடங்கில் பார்வையிடும்போது முதலில் குனிந்து, முன்சக்கரத்துக்கு உட்புறம் போகும் பிரேக் ஓஸைக் கட்டைவிரலால் அழுத்தி மடக்கிப் பாருங்கள். மேலே பளபளப்பாக இருக்கும் ஓஸ், மடக்கியவுடன் காய்ந்த களிமண்போல வெடிப்பு விட்டால், அந்த லாரியின் ரப்பர் பாகங்கள் அனைத்தையும் மாற்றும் செலவை விலையோடு கூட்டிக்கொள்ள வேண்டும். ஆயில் குச்சியை உருவிப் பார்க்கும்போது ஆயில் பால் கலந்த தேநீரின் நிறத்தில் இருந்தால் எஞ்சினுக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறது. டீசல் தொட்டியின் அடியில் பல ஆண்டுச் சகதியும் நீரும் தேங்கியிருக்கும். அதைக் கழுவாமல் கிளப்பினால் பம்பும் நாசிலும் போகும். மின்சாரம் 24 வோல்ட் என்பதால், இரண்டு பேட்டரிகளில் ஒன்றில் மட்டும் வயரைக் கட்டி 12 வோல்ட் விளக்கும் ஒலிபெருக்கியும் ஓட்டியிருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். அப்படிச் செய்தால் ஒரு பேட்டரி மற்றொன்றுக்கு முன்பே செத்துவிடும்.

பிரேக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அமெரிக்கப் படையில் ஐம்பதாண்டுகளுக்கு மேல் ஓடி, உலகெங்கும் குடிமக்கள் கையில் சேர்ந்த எம் 35 லாரியில், ஆறு சக்கரப் பிரேக்குகளும் ஒரே ஆயில் சுற்றில் இயங்கின. எங்காவது ஓர் ஓஸ் வெடித்தால் பெடல் தரையைத் தொடும். எந்தச் சக்கரத்திலும் பிரேக் இருக்காது. இரண்டு தனித்தனிச் சுற்றுகள் வைக்கும் வழக்கம் பரவுவதற்கு முன் வடிவமைக்கப்பட்ட எந்தக் கனரக வண்டியிலும் இந்த ஆபத்து உண்டு. படையில் ஓடியபோது அதைப் பராமரிக்கத் தனிப் படைப்பிரிவும், கால அட்டவணையும், உதிரிபாகக் கிடங்கும் இருந்தன. மலைச்சரிவில் பின்பக்கத்தில் இருபது கூலியாள்களை நிற்கவைத்து, எஃப்.சி. என்ற தகுதிச் சான்று இல்லாமல் இறங்கும் பழைய லாரிக்கு இவற்றில் எதுவும் இல்லை. வடகிழக்கில் இத்தகைய லாரிகள் பள்ளத்தில் உருண்ட செய்திகள் திரும்பத் திரும்ப வருகின்றன. மலிவான லாரியின் மீதிச் செலவை அந்தப் பின்பக்கத்தில் நிற்பவர்கள் கட்டுகிறார்கள் என்பதே எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் வருத்தம் தருவது.

டயரைக் கழற்றும்போது இன்னொரு எச்சரிக்கை. பழைய கனரக வண்டிகளின் ரிம்மில் டயரைப் பிடித்து வைத்திருப்பது லாக் ரிங் என்ற இரும்பு வளையம். துருப்பிடித்த வளையம் பள்ளத்தில் சரியாக அமராமல் இருக்கும்போது காற்று அடித்தால் அது பீரங்கிக் குண்டுபோலத் தெறிக்கும், உயிர்கள் போயிருக்கின்றன. கம்பிக்கூண்டுக்குள் வைத்துக் காற்று அடிக்கத் தெரிந்த பட்டறையிலேயே அந்த வேலையைச் செய்ய வேண்டும்.

உதிரிபாகத்தைப் பொறுத்தவரை வண்டிக்கு வண்டி நிலை மாறும். ஸ்டாலியனின் எஞ்சின், ஜப்பானின் ஹினோ நிறுவனத்தோடு ஏற்பட்ட ஒப்பந்தத்தின் வழி வந்த லேலண்ட் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால், எண்ணூரிலும் ஓசூரிலும் லாரி கட்டும் நிறுவனத்தின் சொந்த மாநிலத்தில் அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கைகளுக்குப் பஞ்சம் இல்லை. முன் அச்சும் பரிமாற்றப் பெட்டியும்தான் தேடவைக்கும். சக்திமானுக்கு எல்லாமே தேட்டம்தான். ஒரு லாரியை ஓட்ட இன்னொரு லாரியைப் பிரித்து வைத்துக்கொள்வதுதான் அங்கே நடைமுறை. நிசான் உரிமத்தில் 1969 முதல் 1999 வரை ஜபல்பூரில் கட்டப்பட்ட ஜோங்கா, லாரி இல்லாவிட்டாலும், ஏலத்தில் தனியார் அதிகம் விரும்பிய படை வண்டி. நான்கு லிட்டர் அளவிலான அதன் பெட்ரோல் எஞ்சின் குடிக்கும் குடிக்குத் தாக்குப்பிடிக்க முடியாமல் பலர் டீசல் எஞ்சினை மாற்றிப் பூட்டினார்கள். அப்படி மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது: தயாரிப்பாளர் குறித்த விவரத்திலிருந்து மாறும் மாற்றத்தைப் பதிவு அதிகாரியின் இசைவின்றிச் செய்யக்கூடாது.

எஞ்சின் எண்ணில் இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. படையின் பணிமனைகளில் பழுதான எஞ்சினைக் கழற்றிவிட்டுச் சீர்செய்த வேறு எஞ்சினைப் பூட்டி அனுப்புவது வழக்கம். ஆகவே லாரியில் இருக்கும் எஞ்சினின் எண்ணும் விற்பனைச் சான்றில் இருக்கும் எண்ணும் பொருந்தாமல் போகலாம். கிடங்கிலிருந்து வண்டியை வெளியே எடுக்கும் முன்பே, சேஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்து, எஞ்சின் எண்ணையும் துடைத்துப் படித்து, இரண்டையும் 21ஆம் படிவத்தோடு ஒத்துப்பார்த்து, மாறுதல் இருந்தால் அங்கேயே திருத்தி வாங்க வேண்டும். ஊருக்கு வந்தபின், மக்கள் இன்னும் ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’ என்றே அழைக்கும் மோட்டார் வாகன ஆய்வாளர் அதைக் கண்டுபிடித்தால், திருத்தம் வாங்க மீண்டும் இராணுவ அலுவலகத்துக்குக் கடிதம் எழுதிக் காத்திருக்க நேரும்.

ஏலத்தில் நேரடியாக எடுக்காமல் இடைத்தரகரிடம் வாங்குபவர்களுக்குக் கூடுதல் கவனம் தேவை. பஞ்சாப், அரியானா எல்லையில் உள்ள மண்டி டப்வாலி போன்ற ஊர்கள் இராணுவக் கழிவு ஜீப்புகளைச் சீர்செய்து விற்பதில் பெயர்பெற்றவை. லாரிகளும் அப்படிக் கைமாறுகின்றன. விற்பனைச் சான்று ஏலத்தில் எடுத்தவர் பெயரில்தான் இருக்கும். அவர் தம் பெயரில் பதிவு செய்து, 29, 30ஆம் எண் படிவங்களில் நமக்கு மாற்றித்தர வேண்டும். ‘ஆர்.சி. புக் பிறகு வரும்’ என்ற வாக்கை நம்பிப் பணம் கொடுப்பது, காகிதம் இல்லாத இரும்பை வண்டி விலைக்கு வாங்குவதற்குச் சமம். வேறொரு பதிவு எண்ணை ஒட்டி ஓட்டும் வண்டிகளும் சந்தையில் உண்டு. அவற்றில் ஏற்படும் விபத்துக்குக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு தர மறுக்கும், குற்ற வழக்கும் சேர்ந்து வரும்.

பதிவான பின்னும் எஃப்.சி. உண்டு. சரக்கு வண்டிக்கு எட்டு ஆண்டுகள்வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறையும் தகுதிச் சான்று புதுப்பிக்கப்பட வேண்டும். 15 ஆண்டு கடந்த கனரகச் சரக்கு வண்டிக்கு இந்தக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 12,500 ரூபாய் ஆனது. அதற்குப் பிறகு மீண்டும் மாற்றப்பட்டிருக்கிறது. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டும் சரக்கு வண்டிக்குப் பெர்மிட்டும் வேண்டும். பழைய முன்னாள் இராணுவ வண்டியைப் பதிவு செய்வதில் மாநிலத்துக்கு மாநிலம், சில நேரம் அலுவலகத்துக்கு அலுவலகம், நடைமுறை வேறுபடுவதால், ஏலப்பட்டியலின் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு போய், முன்வைப்புத் தொகை கட்டுவதற்கு முன்பே சொந்த ஊர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்து வடிவில் கேட்டுக்கொள்வதே பாதுகாப்பு.

இவை எல்லாம் ஒழுங்காக முடிந்து லாரி பட்டறைக்கு வந்தால், முதல் வேலை பாடியும் இல்லை, எஞ்சினும் இல்லை, நிறம். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 121ஆம் விதிப்படி, பாதுகாப்புத் துறையின் வண்டியைத் தவிர வேறெந்த வண்டியும் ஆலிவ் பச்சை நிறத்தில் இருக்கக்கூடாது. எனவே கேபினையும் பானட்டையும் கதவுகளின் உட்புறத்தையும் தேய்த்து, அம்புக்குறி எண்ணையும் படைப்பிரிவின் அடையாளங்களையும் அழித்து, வேறு நிறம் பூசிய பிறகே ஆய்வாளர் முன் அதை நிறுத்த வேண்டும். தேய்க்கும்போது, பச்சைக்கு அடியில் இன்னொரு பச்சையும் அதற்கும் அடியில் மற்றொன்றும் வரும். ஒவ்வொரு படலமும் அது படையில் இருந்த ஒரு காலத்துக்கானது. உப்புத்தாள் அவற்றைக் கடந்து வெறும் தகட்டைத் தொட ஒருநாள் முழுக்க ஆகும்.